தினப்படி வண்டி

லாலி ரோடு சிக்னலில் மூன்றாவது தடவையாகச் சிவப்பு விழுந்தபோது திருமூர்த்தி ஹீட்டரைப் போட்டான். மே மாதம், காலை பத்தே முக்கால் மணி, வெளியே நிற்கிறவனெல்லாம் ஒரு சாண் நிழலுக்கு அலைகிறான், இவன் காருக்குள் உட்கார்ந்துகொண்டு ஹீட்டரைப் போடுகிறான். போடாமல் என்ன செய்வது? எஞ்சின் சூட்டைக் காட்டுகிற முள் பாதியைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் அந்தச் சூட்டில் கொஞ்சம் ஆள் பக்கமாக வந்துவிடும், முள் ஒரு நூல் இறங்கும். முப்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தினப்படிக்கு ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரிகிற வைத்தியம் இது; எஞ்சின் பிழைக்க வேண்டுமானால் ஆள் வேக வேண்டும். காலில் அனல் அடித்தது. ஜோதிமணி எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையைத்தான் போட்டிருந்தான், வேண்டுமென்றேதான் போட்டான், நாற்பத்திரண்டு நாள் கழித்துப் பொண்டாட்டியைப் பார்க்கப் போகிறோம், அவள் எடுத்த சட்டையில் போவோம் என்று. அது இப்போது முதுகோடு ஒட்டிப்போய்க் கறுப்பாகிவிட்டது. பக்கத்தில் ஒரு டவுன் பஸ். அதன் சக்கரத்து நட்டு இவன் கண்ணுக்கு நேராக இருந்தது, புகைக்குழாய் இவன் காதுக்கு நேராக இருந்தது. இந்தப் பக்கம் ஒரு ஆட்டோக்காரன் குனிந்து பார்த்தான். ஆட்டோக்காரன், ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு, காரில் இருக்கிறவனைக் குனிந்து பார்க்கிறான்! "ஏனுங்ணா, இது பேட்டரி வண்டிங்ளா?" "பெட்ரோல்." "மைலேஜ் எவ்வளவுங் குடுக்குது?" திருமூர்த்தி சிக்னல் விளக்கையே பார்த்தான். பச்சை விழுந்தால் போதும். சேலத்து ரயில் பதினொன்று இருபதுக்கு வந்துவிடும். அவள் இறங்கும்போது இவன் அங்கே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அவளே போனில் சொல்லியிருந்தாள்.

என்ன சொன்னாள், சரியாக என்ன சொன்னாள்? அதுதான் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து நெஞ்சில் முள் மாதிரி நிற்கிறது. "நாளைக்கு ரயிலுக்கு வர்றனுங்க. நீங்க ஸ்டேசனுக்கு வாங்க. எப்பிடி வர்றீங்கன்னு பாக்கறேன். பாத்துப்போட்டுத்தான் வடவள்ளியா சிங்காநல்லூரான்னு முடிவு பண்ணுவேன்." அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை, அழவில்லை, அதுதான் எரிச்சல். வடவள்ளி என்றால் இவர்கள் வீடு. சிங்காநல்லூர் என்றால் அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து வீடு, மாடியில் தனி ரூம், தனி சமையல்கட்டு, போனால் போனதுதான். எப்படி வர்றீங்கன்னு. எப்படி வருவது, நடந்தா வருவார்கள்? அந்த வண்டியில் வராதீங்க என்று நேராகச் சொல்லியிருக்கலாமே! இருபத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தினவள் நேராகப் பேசினால் குறைந்தா போய்விடுவாள்? இல்லை, எப்படி என்பது வண்டியைப் பற்றியதே இல்லையோ. சிரிச்ச முகத்தோடு வருகிறானா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறானா என்பதோ. அல்லது நேரத்துக்கு வருகிறானா என்பதோ. ஆனாலும் வண்டியைத்தான் சொன்னாள், வேறென்ன. இந்த ஒன்றேகால் வருஷமாக அந்த வீட்டில் பேசப்பட்ட எல்லாப் பேச்சும் சுற்றிச் சுற்றி இந்த வண்டியில் வந்துதான் முட்டியது. காலையில் டாக்சியைக் கூப்பிடத்தான் கூப்பிட்டான், சத்தியமாகக் கூப்பிட்டான். அஞ்சு நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்று டிரைவரும் சொன்னான். அந்த அஞ்சு நிமிஷம் சும்மா நிற்பானேன், வண்டியைக் கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி வைப்போம், நாலு நாளாக எடுக்கவில்லையே என்று போர்ட்டிகோவுக்குப் போனான். ஒரே சாவித் திருப்பலில் பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! கட்டையான, அடக்கமான, நான் இருக்கிறேன் என்கிற சத்தம். டாக்சியை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். இப்போது ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வேகிறான். நல்லா வேணும். பச்சை விழுந்தது, பஸ் முதலில் போனது, இவன் பின்னால் போனான்.

கவுலி பிரவுன் ரோட்டுக்குள் நுழைந்ததும் வேகத்தடை. இதன் உயரம் நூற்றிருபது மில்லிமீட்டர், நடுவில் கொஞ்சம் தேய்ந்திருக்கும். திருமூர்த்திக்குத் தெரியாத வேகத்தடை இந்த ஊரின் மேற்குப் பக்கத்தில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அடிஸ்கேலையும் சுண்ணாம்புக் கட்டியையும் எடுத்துக்கொண்டு ரோட்டில் குந்தி உட்கார்ந்து வரிசையாக அளந்தவன் இவன். பால்காரர் நின்று பார்த்துவிட்டு, "கார்ப்பரேசன்ல இருந்துங்களா?" என்றார். அளப்பதுதான் தொழில். பம்பு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் டிபார்ட்மெண்ட், இருபத்தெட்டு வருஷம். ஷாஃப்டை விரல் நுனியால் ஒரு தடவு தடவினால் எத்தனை மைக்ரான் கூட, எத்தனை மைக்ரான் குறைவு என்று சொல்லிவிடுவான், அப்புறம் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். வண்டியின் அடிவயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவே நூற்றிப்பதினைந்து மில்லிமீட்டர், இவன் ஏறி உட்கார்ந்தால் நூற்றியெட்டு, ஜோதியும் உட்கார்ந்தால் தொண்ணூற்றொன்பது. அதனால் எந்தத் தடையிலும் நேராக ஏற முடியாது. ஸ்டியரிங்கை ஒடித்து, குறுக்கே போய், ஒரு சக்கரம் ஒரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு இவன் இப்படிக் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வருகிறவன் வாழ்த்துவானா? "யோவ், வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று ஒரு ஸ்கூட்டர்காரர் கேட்டுக்கொண்டே போனார். சொல்லிவிட்டு வர வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாற்பத்திரண்டு நாளாக ஓட்டல் சோறும், ஃப்ரிட்ஜில் புளித்துப்போன மாவும். அடியில் ஏதோ உரசியது. கர்ரென்று. அந்தச் சத்தம் வண்டியில் கேட்கவில்லை, இவன் பல்லில் கேட்டது.

சொன்னார்கள், சொல்லாதவர் யார். உயரமான வண்டியாக வாங்கு திருமூர்த்தி, இனிமேல் வயசாகுது, ஏறி இறங்க வசதியாக இருக்கும், ஒறம்பரை, சொந்தபந்தம் என்று போக வர அஞ்சு பேர் உட்காரலாம் என்று நாச்சிமுத்து மச்சான் சொன்னார். கம்பெனியில் சொன்னார்கள். வண்டியைப் பார்த்துக் கொடுத்த மெக்கானிக் அய்யாசாமியே சொன்னார்: "வண்டி தங்கமுங்க. ஞாயித்துக்கெழம எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு, தொடச்சு, போர்வையப் போட்டு மூடிருங்க. தினப்படிக்கு வேண்டாமுங்க." அந்தப் பேச்சுதான் இவனுக்கு ஆகவில்லை. மூடி வைத்துப் பார்ப்பதற்கு அது என்ன கொலு பொம்மையா? பதினோரு வருஷம் ஒரு மில் முதலாளியின் ஷெட்டில் போர்வைக்குள் கிடந்த வண்டி அது. ரப்பரெல்லாம் காய்ந்து, டேங்க்கில் துரு கட்டி, எலி ஒயரைக் கடித்து. ஓடாததால் கெட்டுப்போன வண்டி. ஓட்டினால்தான் உயிர் வரும், தினமும் ஓட்டுவேன், மழையிலும் ஓட்டுவேன், மார்க்கெட்டுக்கும் ஓட்டுவேன் என்று அன்றைக்கு எல்லார் முன்னாலும் அடித்துப் பேசினான். போர்ட்டிகோவில் ஒரு வண்டிக்குத்தான் இடம். வெள்ளை நிறத்து அஞ்சு சீட்டுக் கார், பதிமூன்று வருஷம் ஒரு நாள் நடுரோட்டில் நிற்காமல் ஓடின கார், அதை ஒரே வாரத்தில் தள்ளிவிட்டான். அது போகும்போது ஜோதி கேட் வரைக்கும் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொம்பளைங்களுக்குப் பழசு மேல ஒரு பாசம் என்று நினைத்தான். பழசு! வந்ததுதான் அதைவிடப் பழசு! ஆனால் இவனுக்கு அது பழசாகத் தெரியவே இல்லையே. ஐம்பத்தொரு வயசு, மற்றவன் செய்ததை அளந்து அளந்து இது ஆகும், இது ஆகாது என்று முத்திரை குத்தியே போய்விட்ட வயசு. அளக்காமல், யோசிக்காமல், வேண்டும் என்று ஒன்றைக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதுகூடக் கூடாதா? சிவப்பு நிறம், ரெண்டு கதவு, ரெண்டு சீட்டு, சுவிட்சைத் தட்டினால் பானெட்டுக்குள்ளிருந்து எழுந்து வருகிற ஹெட்லைட். இப்போது அதில் ஒன்றுதான் எழுந்து வருகிறது. ரோட்டில் போகிற பெண்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே போகிறது வண்டி, மானம் போகிறது. அதற்கு வேண்டிய மோட்டார் ஜப்பானிலிருந்து வர இன்னும் ஆறு வாரம்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் சேர்ந்தபோது மணி பதினொன்று ஐந்து. முள் இறங்கவில்லை. ஹீட்டர் காற்றில் சூடான ரப்பர் வாசம் வந்தது. ஜோதிக்கும் பிடித்திருந்ததே! அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது. வண்டியை முதல் தடவை பார்க்கப் புரோக்கர் வீட்டுக்குப் போனபோது அவளும்தான் வந்தாள். உட்கார்ந்து பாரு என்றான். உட்கார்ந்தாள். அப்புறம் அதை விட்டு இறங்கவே மனசில்லாமல் பத்து நிமிஷம் உள்ளேயே இருந்தாள், இவனும் புரோக்கரும் பானெட்டைத் திறந்து எல்லாம் பார்த்து முடித்து, பேசி முடித்து, கைகுலுக்கி முடித்த பிறகும் உள்ளேதான் இருந்தாள். "பாத்தீங்ளா, அம்மாவுக்கே எறங்க மனசில்ல" என்று புரோக்கர் சிரித்தான். இவனும் சிரித்தான். அவள் கண்ணாடி வழியே இவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை வைத்துத்தான் இவன் வாங்குவது என்று முடிவே பண்ணினான், ஒரு வகையில் பார்த்தால் அவளுக்காகத்தான் வாங்கினான். இதைச் சொன்னால் மச்சான் நம்புவாரா? சண்டை போட்டாளா அன்றைக்கு? போடவில்லையே. முதல் மாசம் கோயிலுக்கு வந்தாள், மருதமலை அடிவாரம் வரை. அப்புறம் வரவில்லை. காலெல்லாம் சுடுது என்றாள், வெயில் என்றாள், நீங்க போயிட்டு வாங்க என்றாள். மழை நாளில் கூரை ஓரமாகச் சொட்டும், அந்தச் சொட்டு சரியாக அவள் தொடையில் விழும், ஒரு துண்டை எடுத்து விரித்துக்கொண்டாள். அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலேயே எல்லாம் பண்ணினால் மனுசனுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் அந்தப் பொள்ளாச்சி ரோட்டு மண்டபம். சரி, அதை விடு. சேலத்தில் அவள் அக்கா பாக்கியத்துக்கு உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், அதற்காகத்தான் போனாள். அப்படித்தான் அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறான். முள் முக்காலைத் தொட்டது.

மண்டபத்தை விடத்தான் பார்க்கிறான், அது விட்டால்தானே. முன்னால் ஒரு தண்ணீர் லாரி சொட்டிக்கொண்டே போனது, அந்த ஈரத்தைப் பார்த்தவுடன் மண்டபத்து வாசலில் தெளித்திருந்த தண்ணீர் ஞாபகம் வந்தது, போச்சு. மச்சானின் சம்பந்தி வீட்டுக் கல்யாணம். ஊர்ப்பட்ட சனம். வாசலில் பன்னீர் தெளிக்க நிற்கிற பெண்கள், நாதஸ்வரக்காரர்கள், பந்தலுக்கு வெளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற மாமன் மச்சான்கள் எல்லாரும் பார்க்க, கச்சிதமாக, சிவப்பு வண்டியைக் கொண்டுபோய் வாசலிலேயே நிறுத்தினான். எல்லாரும் திரும்பினார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே மனுசன் வேகிறான். இவன் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தான். பச்சைப் பட்டு. கையில் சீர்த்தட்டு. அவள் தட்டை வாங்கிக்கொள்ளும்படி யாரிடமோ நீட்டினாள், வாங்கிக்கொண்டார்கள். ஒரு காலை வெளியே வைத்தாள். அடுத்த காலை வைத்தாள். எழ முடியவில்லை. மறுபடி முயன்றாள், பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் இவனுக்கு என்ன பேய் பிடித்ததோ, "என்ன ஜோதி, கிரேன் கொண்டாரச் சொல்லட்டுமா?" என்றான். பந்தலே அதிர்ந்தது. அவளும் சிரித்தாள். அவளும் சிரித்தாள் என்பதை இவன் இந்த நாற்பத்திரண்டு நாளில் எத்தனை தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பான்! அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே அவள் கையை நீட்டினாள், பிடித்துத் தூக்கச் சொல்லி இவன் பக்கமாக. இவன் கையில் போன் இருந்தது. போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கடைசியில் நாதஸ்வரக்காரரோடு வந்த தவில்காரர் வந்து, "வாங்கம்மா" என்று கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அன்று சாயங்காலம் குடும்ப வாட்ஸப் குரூப்பில் அதைப் போட்டவனும் இவன்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையாக வந்து விழுந்தன, நாற்பது ஐம்பது. சேலத்திலிருந்து பாக்கியம் அக்கா மட்டும் ஒன்றும் போடவில்லை. ராத்திரி ஜோதிக்குப் போன் பண்ணினாள். மூன்றாம் நாள் ஜோதி சேலத்துக்குக் கிளம்பிவிட்டாள், பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில். நான் கொண்டுபோய் விடறேனே என்றபோது வேண்டாமுங்க என்றாள். சே! ஒரு தமாஷ், ஒரே ஒரு தமாஷ்.

அவினாசி ரோடு மேம்பாலத்தின் உச்சியில் முள் சிவப்புக்குள் போனது. பானெட் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஆவி. இதற்கு மேல் ஓட்டினால் எஞ்சின் போய்விடும், அது இவனுக்கு நன்றாகத் தெரியும். நிறுத்தினால் என்ன போகும் என்பதும் தெரியும். மணி பதினொன்று பதினேழு. ஸ்டேஷன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது, சிக்னல் கம்பம் தெரிகிறது, தண்டவாளம் தெரிகிறது. ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். பின்னால் வந்த பஸ் அடித்த ஹாரனில் காது அடைத்தது. "நடுப்பாலத்துல நிறுத்தறயே, அறிவு இருக்குதா?" இல்லைங்க, இல்லவே இல்லை. அறிவு இருந்தால் வெள்ளைக் காரை விற்பானா? ஆனாலும் என்ன, ரேடியேட்டர் விசிறி ஒன்றுதான் கோளாறு, அதை மட்டும் மாற்றிவிட்டால் இந்த வண்டிக்கு... பாருங்கள், இந்த நேரத்திலும்! இறங்கி பானெட்டைத் திறக்க வேண்டும். கதவைத் திறந்தான். தினமும் செய்கிறதுதான், செய்வதே தெரியாமல் செய்கிறது: முதலில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பு, ரெண்டு காலையும் ரோட்டில் வை, வலது கையைக் கதவின் அடிப்பலகையில் ஊன்று, இடது கையால் கூரையைப் பிடி, தலையைக் குனி, முட்டியில் முழுப் பாரத்தையும் கொடுத்து எழு. இன்றைக்கு வியர்வையில் கை வழுக்கியது. பாதி எழுந்தவன் திரும்ப உள்ளேயே விழுந்தான். முட்டியில் சுருக்கென்று ஒரு வலி, "அம்மா" என்று வாய் தானாகச் சொன்னது. அப்படியே உட்கார்ந்திருந்தான். இவனுக்கு ஐம்பத்தொரு கிலோ, ஒல்லி. அவளுக்கு எழுபத்தெட்டு. புடவை வேறு. பத்து நிமிஷம். புரோக்கர் வீட்டு வாசலில் அந்தப் பத்து நிமிஷம் அவள் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் டாஷ்போர்டையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆசையாக உட்கார்ந்திருக்கிறவள் எதற்காக ரெண்டு கையாலும் பிடிப்பாள்? கண்ணாடி வழியே இவனைப் பார்த்தாளே, அது என்ன பார்வை? சேச்சே, அப்படி இருக்காது. அப்படி இருந்தால் சொல்லியிருப்பாளே. சொல்ல மாட்டாள். வேகத்தடையை அளந்தான், அடிவயிற்றை அளந்தான், டயரில் காற்றை வாரம் ரெண்டு தடவை அளந்தான். ரோட்டுக்கும் அந்தச் சீட்டுக்கும் நடுவே எவ்வளவு உயரம் என்று கேட்டால் இவனுக்கு இப்போதும் தெரியாது. கீழே ரயில் ஒன்று நீளமாகக் கூவிக்கொண்டு போனது, சேலத்து ரயிலா, வேறு ரயிலா, தெரியவில்லை. இன்னொரு தடவை கையை ஊன்றி எழுந்தான்.

ஆவி அடங்கக் கால் மணி நேரம் ஆனது. போன் பண்ணினான், எடுக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. இங்கேயே விட்டுவிட்டு இறங்கி ஓடினால் எட்டு நிமிஷம், ஓடலாம், ஆனால் நடுப்பாலத்தில் வண்டியை விட்டால் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விடும், தூக்கும்போது அடிவயிறு நசுங்கிவிடும் என்று யோசித்துக்கொண்டே நின்றான், நின்று நின்று எட்டு நிமிஷம் போனது. அந்தப் படத்தின் ஞாபகம் வந்து போனை எடுத்தான். காலையில் பல் விளக்கும்போதுதான் குரூப்பிலிருந்து அந்தப் படத்தை அழிக்கப் பார்த்தான், முடியவில்லை, நாள் கடந்துவிட்டதாம், தன் போனிலிருந்து மட்டும்தான் போனது. மற்றவர்கள் போனில் எல்லாம் அவள் இன்னும் பொத்தென்று உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறாள். மன்னிப்புக் கேட்டுவிடலாம். எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டான். பாட்டில் தண்ணீரை ரேடியேட்டர் மேல் ஊற்றிவிட்டு, ஹீட்டரை மறுபடி போட்டுக்கொண்டு, பாலத்தை விட்டு இறங்கினான்.

அவள் ஸ்டேஷன் வாசலில், ஆட்டோ நிறுத்தத்துக்குப் பக்கத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மணி பதினொன்று ஐம்பது. மெலிந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பை, மடியில் ஒரு கைத்தடி. கைத்தடியைப் பார்த்ததும் இவனுக்குத் தயார் பண்ணி வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. வண்டியைக் கொண்டுபோய் அவள் முன்னால் நிறுத்தினான், வேறெங்கே நிறுத்துவது. நாலைந்து பேர் உடனே வந்து சுற்றிக்கொண்டு பார்த்தார்கள், ஒருவன் போனை எடுத்தான்.

இறங்கி அவள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டு, "ரொம்ப நேரமாச்சா?" என்றான்.

"அரை மணி நேரம். பரவால்லீங்க." தடியை ஊன்றி எழுந்தாள். நாலு எட்டு வைத்து வண்டிக்கிட்டே வந்தாள். திறந்திருந்த கதவு வழியே உள்ளே சீட்டைப் பார்த்தாள்.

"என்னாச்சு காலுக்கு?"

"ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சாமா. சேலத்துல ஒரு டாக்டர்கிட்ட அக்கா கூட்டிட்டுப் போச்சு. ஊசி போட்டாங்க. இன்னும் போடோணும்."

"எத்தன நாளா?"

"அது ரெண்டு வருசமிருக்குமுங்க."

ரெண்டு வருஷம். வண்டி வந்து ஒன்றேகால் வருஷம். இவன் மனசுக்குள் கழித்துப் பார்த்தான், பார்க்காமல் இருக்க முடியவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல ஜோதி?"

"சொன்னனுங்க. மாடிப்படி ஏற முடியலீன்னு சொன்னேன். கோயிலுக்கு வரலீன்னு சொன்னேன். சொன்னதெல்லாம் உங்களுக்கு வேறயா கேட்டுது." குரலில் சூடு இல்லை, களைப்புதான் இருந்தது.

"மெதுவா ஏறு. நான் புடிச்சுக்கறேன்." கையை நீட்டினான். ரெண்டு கையையும் நீட்டினான்.

அவள் அந்தக் கைகளைப் பார்த்தாள். "இதுல ஏறத் தேவையில்லீங்க, உழுந்தாப் போதும். அப்புறம் வூட்டு வாசல்ல எந்திரிக்கிறது ஆரு?"

"வித்தர்றேன். நாளைக்கே அய்யாசாமிகிட்டச் சொல்லி வித்தர்றேன்."

"வித்தா முட்டி மொளைச்சுருமாக்கும்? வண்டிய நான் என்னைக்குங்க குத்தம் சொன்னேன்?"

"அந்தப் படத்தையும் அழிச்சுட்டேன் ஜோதி. தப்புத்தான். தப்புத்தான் பண்ணிட்டேன்."

"எப்ப அழிச்சீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "இன்னிக்குக் காத்தால."

அவள் தலையை ஆட்டினாள். ஒரு தரம், ரெண்டு தரம். எதையோ சரிபார்த்து முடித்த மாதிரி. அப்புறம் ஆட்டோ நிறுத்தத்தைப் பார்த்துக் கையைக் காட்டினாள். ஆட்டோ வந்தது. ஏறும்போது தடியை இவனிடம் கொடுத்தாள், அதை வாங்கிக்கொண்டான். கம்பியைப் பிடித்து, பல்லைக் கடித்து, இவன் கையைத் தொடாமல் அவளே ஏறினாள். இவனும் பக்கத்தில் ஏறப்போனான். வண்டி எக்கேடோ கெடட்டும், போலீஸ் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று அந்த நிமிஷம் நிஜமாகவே நினைத்தான். "வேண்டாமுங்க, காலை நீட்டோணும்" என்று அவள் முதுகைச் சாய்த்து, ரெண்டு காலையும் சீட்டின் நீளத்துக்கு நீட்டிவிட்டாள். இவனுக்கு அங்கே இடம் இல்லை. பாதத்தில் வீக்கம், மெட்டி சதைக்குள் அழுந்தியிருந்தது. பையையும் தடியையும் அவள் கால்மாட்டில் வைத்தான். "நான் முந்திப் போயி கேட்டத் தெறந்து வெக்கறேன்," என்றான். "கீழ் ரூம்லயே கட்டில் போட்டர்லாம். நீ மேல ஏறவே வேண்டாம்." அவள் முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் திரும்பிப் பார்த்து எங்கே என்று கேட்டதும், அவள் குனிந்து அவனிடம் ஏதோ சொன்னதும் தெரிந்தது, ரயில் அறிவிப்புச் சத்தத்தில் காதில் விழவில்லை.

ஓடிப்போய் வண்டிக்குள் விழுந்தான். ஸ்டார்ட் ஆனது, நல்ல வேளை. ஆட்டோ முன்னால், இவன் பின்னால். கீழ் ரூமில் கிடக்கிற பழைய பேப்பரையெல்லாம் எடுக்க வேண்டும், கட்டில் உயரத்தை அளக்க வேண்டும், அவள் முட்டி உயரத்தையும் அளக்க வேண்டும், மாவு வாங்க வேண்டும், இன்றைக்கே, இப்போதே. ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் வடவள்ளிக்கு வலது கைப் பக்கம், சிங்காநல்லூருக்கு இடது. திருமூர்த்தி முன்கூட்டியே வலது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டான். ஆட்டோ வாசலில் ஒரு நொடி நின்றது, ஒரு பஸ்ஸுக்கு வழிவிட்டது, இடது பக்கம் திரும்பியது. டிரைவர் வழி தெரியாமல் திரும்பிவிட்டான் என்றுதான் இவன் முதலில் நினைத்தான்.